கருமத்தம்பட்டியில் காடு வாங்குவது எப்படி

இந்தியா எரிசக்தியும் கனிமமும் நிறைந்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதை நேரில் அனுபவிக்க வேண்டுமானால் கருமத்தம்பட்டிப் பக்கம் ரெண்டு ஏக்கர் காடு வாங்கினால் போதும். நிலக்கரி, எரிவாயு, பெட்ரோல், காற்று, கருங்கல் எல்லாம் உங்களைத் தேடி வரும். தங்கிவிட்டுப் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ கடந்து போய்விடும்.

புரோக்கர் "தண்ணி, ரோடு, கரண்ட் மூணும் இருக்குதுங்க" என்பார். பட்டா, சிட்டா, முப்பது வருஷத்து வில்லங்கம் எல்லாம் காட்டுவார். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் அண்ணாந்து பாருங்கள். கோவை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் அரசூரில் பெரிய துணைமின் நிலையம். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் கம்பி போகாத திசை என்று ஒன்றைக் கண்டுபிடித்தால் அந்தக் காட்டை உடனே கிரையம் செய்துகொள்ளலாம்.

கம்பியில் வருவது என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள், சொந்தக்காரர்கள் கேட்டால் பெருமையாகச் சொல்லலாம். சத்தீஸ்கர் நிலக்கரி அங்கேயே எரிந்து மின்சாரமாகி, ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறது. 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட், நேர்மின்சாரம். புகளூரில் இறங்கியதில் ஒரு பங்கு அரசூருக்கும், 2,000 மெகாவாட் வரை திருச்சூருக்கும் போகலாம். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த அந்தத் திருச்சூர்ப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. வடக்கஞ்சேரி வரை நம் தலைக்கு மேலேயே வரும் கம்பி, அங்கிருந்து ஏறக்குறைய 27 கிலோமீட்டர் மண்ணுக்குள் கேபிளாக இறங்கிவிடுகிறது. 2018, 2019ல் நம் பக்கத்து விவசாயிகளும் 'ரோட்டோரமாகப் புதைத்துக் கொண்டு போங்கள்' என்றுதான் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அது ஒத்துவராது என்று பதில் வந்தது. மலையாளத்து மண் இளக்கம் போலிருக்கிறது.

அளக்க வருபவர்களோடு பேசுவதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"ஏனுங் தம்பி, எங்க காட்டுக்குள்ள என்ன பண்றீங்க?"

"சும்மா அளக்கறோங்கம்மா."

"அளந்து?"

"கம்பி மேலதானுங்க போகுது. கீழ நீங்க பாட்டுக்கு வெள்ளாமை பண்ணிக்கலாம்."

"தென்னை இருக்குதே சாமி?"

"தென்னை ஆகாதுங்க."

இந்த இடத்தில் கோபப்படக் கூடாது. டீ கொடுத்து உட்காரவைத்து, "எந்தச் சட்டத்துல வந்திருக்கீங்க, எழுத்துல குடுங்க" என்று கேட்க வேண்டும். கோபுரங்கள் நட்டபோது கைகொடுத்தது 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்கு வெள்ளைக்காரன் எழுதியது. நாட்டில் தந்தி சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். தந்தி செத்துப்போனது அந்தச் சட்டத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே கோபுரம் நடலாம், உங்களுக்குச் சேர வேண்டியது இழப்பீடு மட்டும் என்பது அதன் சாரம். மின்சாரச் சட்டம் 2003, அந்தப் பழைய அதிகாரத்தை மின் கம்பிக்கும் எடுத்துக் கொடுத்தது.

மேலே ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தால் குனிந்து பாருங்கள். குழாய்க்கு வேறு சட்டம், 1962ல் வந்தது. நிலம் உங்களுடையதே. பயன்பாட்டு உரிமை மட்டும் குழாய்க்காரருக்கு. அதற்கு நில மதிப்பில் பத்து சதவீதம் தருவார்கள். அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மீதி எல்லாம் செய்யலாம், வரி கட்டுவது உட்பட. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோக கெயில் நிறுவனம் கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்து விளைநிலங்களில் கோடு போட்டது. நெடுஞ்சாலை ஓரமாகப் போகட்டும் என்று 2013ல் மாநில அரசு நிறுத்தியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையில் நமக்குக் கிடைத்தவை பாலமும் பரோட்டாக் கடையும்தான்.

அடுத்தது கல். பல்லடம் ரோட்டில் காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள், பூமிக்குள் எத்தனை மாடி இறங்கலாம் என்று தெரியும். நம் கருங்கல்லுக்கு நல்ல கிராக்கி. ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பரில் ஏறி வாளையாறு தாண்டிப் போகிறது. நீங்கள் பார்த்திருக்கும் காட்டுக்குப் பக்கத்தில் குழி இருந்தால், கிரையத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். வேட்டு வைக்கும் நேரத்தில் முதலில் பேசுவது சமையல்கட்டு அலமாரிதான். எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக் கிணுகிணுக்கும். பிறகு ஓட்டிலிருந்து கொஞ்சம் தூசி இறங்கும். பிறகுதான் சத்தம் காதுக்கு வரும். அந்த வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு பேச்சைத் தொடர்வார்.

சுவரில் விரிசல் விட்டால் புலம்பிப் பயனில்லை. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். இது மட்டும் கேலிக்குச் சொன்னதல்ல, மனு எழுதும்போது உதவும்.

இதைவிட மதிப்புள்ளது கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு வரலாறு ஆறுதல் சொல்லும். சோமனூரைத் தாண்டிப் போகும் இதே நொய்யல், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் வழியாகவும் போகிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே கல்மணி பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் பட்டறையும் உலையும் கிடைத்தன. காங்கயம் பக்கம் படியூரில் பச்சைக்கல். கோவை வட்டாரத்தில் குடம் குடமாக ரோமானியக் காசு அகப்பட்டதற்கு இந்தக் கற்கள் ஒரு காரணம் என்பார்கள். அன்றைக்குக் கல் போனது, தங்கம் வந்தது. இன்றைக்கும் கல் போகிறது. வருவது டிப்பர் திரும்பி வரும்போது கிளம்பும் புழுதி.

தங்கம் என்றதும் மண்வெட்டியைத் தேடாதீர்கள். 1879ல் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருப்பதாகப் பேச்சுக் கிளம்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து அறிக்கை எழுதவைத்தார்கள். லண்டனில் கம்பெனிமேல் கம்பெனியாகப் பங்கு விற்றது. காபித் தோட்டமெல்லாம் தங்கத் தோட்டம் என்று கைமாறியது. மூன்று நான்கு வருஷத்துக்குள் எல்லாம் புஸ்ஸென்று போனது. தங்கத்தில் லாபம் பார்த்தவர்கள் தோண்டுவதற்கு முன்பே விற்றவர்கள்தான். ரியல் எஸ்டேட்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கம் இல்லாவிட்டாலும் வெறும் பாறைக்கே மவுசு வந்த கதையும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறை மாதிரியே இருப்பது தெரியவந்தது. இஸ்ரோ அதைப் பொடியாக்கி செயற்கை நிலா மண் செய்து, சந்திரயான் தரையிறங்கியை அதில் சோதித்துப் பார்த்தது. அந்த மண்ணுக்கு 2020ல் காப்புரிமையும் கிடைத்தது. அரசாங்கமே ஒத்துக்கொண்ட ஒரே போலி மண் நம் கொங்கு நாட்டுடையதுதான். உங்கள் நிலம் விளையாவிட்டால் இந்த வழியிலும் முயற்சி செய்யலாம்.

காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் இருக்கிற வரைக்கும் நமக்குக் காற்றுப் பஞ்சம் கிடையாது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சுல்தான்பேட்டை, கேத்தனூர், பூளவாடிப் பக்கம் காத்தாடிகள் ஓயாமல் சுற்றும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றில் கோவை, திருப்பூர் மில்காரர்களுக்குச் சொந்தமானவை நிறைய. இதில் 'பாங்கிங்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஆடியில் அடித்த காற்றை மின்வாரியக் கணக்கில் போட்டுவைத்து, தையில் எடுத்துக்கொள்ளலாம், கமிஷன் போக. பழைய காத்தாடி வைத்திருப்பவர்களுக்கு இது வரம். உங்களிடம் எட்டுத் தறி ஓடும் குடோன் மட்டும் இருந்தால், ஆடிக் காற்றில் கூரைத் தகரம் பறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பங்கு.

தறிக்காரருக்கு எரிசக்தித் துறையில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. கரண்ட் போகும்போது விளக்கு அணைவது விஷயமே அல்ல. தறி வேகம் இழந்து நிற்கும் அந்த நொடியில் நாடா பாவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இழைகள் கொத்தாக அறும். ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டு, அச்சில் கோர்த்து, திரும்ப ஓட்டுவதற்குள் கரண்ட் வந்துவிட்டு மறுபடியும் போயிருக்கும். 2012ல் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாதபோது இந்த வட்டாரத்து விரல்களெல்லாம் முடிச்சுப் போட்டே தேய்ந்தன. கூலி மீட்டர் கணக்கில்தான், முடிச்சுக்குக் கிடையாது. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவசம் என்பதை 2023ல் 1,000 ஆக்கினார்கள். அது நல்ல உதவி. கணக்கீட்டாளர் வரும் தேதியைக் கல்யாணத் தேதி போலக் குறித்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு.

கடைசியாகப் புரோக்கர் சொன்ன தண்ணி. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்று யாராவது ஏளனமாகப் பேசினால், அவர்களைப் பெருமாநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இங்கிருந்து பக்கம்தான். பைசாக் கணக்கில் உயர்ந்த மின்கட்டணத்தை எதிர்த்து நின்றவர்களில் மூன்று விவசாயிகள் 1970 ஜூன் 19 அன்று அங்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையை மறித்தன. 1980களில் சிறு விவசாயிகளுக்கும், அதன்பின் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல அது. ஆனால் அப்படிக் கிடைத்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு நாம் தண்ணீரைப் பாதாளத்துக்கு விரட்டியதும் உண்மை. கிணற்றுக்குள் போர், போருக்குள் நீர்மூழ்கி மோட்டார் என்று இறங்கிக்கொண்டே போனோம்.

ஆகவே கிரையம் முடிந்ததும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். எந்தக் காட்டிலும் இறங்கத் தெரிந்தவர்கள், ஆப்பிரிக்கா வரை போய் வருகிறார்கள். எத்தனை அடி போடலாம் என்று கேட்டால், "உங்ககிட்ட பணம் இருக்கற வரைக்கும் போடலாங்க" என்று சிரிக்காமல் சொல்வார்கள். எண்ணூறு அடியில் வெறும் கல் பவுடர் புகைந்துகொண்டு வரும். ஆயிரத்திலும் அதே புகை. நிறுத்தச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஆனால் வாய் வராது. "இன்னும் ஒரு அம்பது அடி பாத்தறலாங்க" என்பீர்கள். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் கூடும், முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.