எட்டாவது அடி எங்கே?

கேள்வி: ஆல்பம் என்பது பத்துப் பாட்டைச் சேர்த்துக் கட்டுவதுதானே? அதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?
– வாசகர், லால்பேட்டை

பதில்: காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர் அது. குடந்தை ஆராவமுதப் பெருமாள் மீதான பாசுரங்களை யாத்திரிகர்கள் பாட, அவர் கேட்டார். ஆயிரத்தில் இவை பத்து என்று கடைசிப் பாசுரமே கணக்குச் சொன்னது. ஊரார் பத்தைக் கேட்டுப் பரவசப்பட்டார்கள். அவர் மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைத் தேடிப் புறப்பட்டார். ஆயிரத்தைத் தேடியவருக்கு ஆழ்வார்களின் நாலாயிரமும் கிடைத்தது; அதை வகுத்து, இசையமைத்து, மருமக்கள் கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்றுக்கொடுத்தார் என்கிறது குருபரம்பரை. சிதம்பரம் சாலையில் இருக்கும் திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பி சைவத் திருமுறைகளுக்கு இதையே செய்தார். எதை முதலில் வைப்பது, எதை எதன் பின்னால் வைப்பது என்று யோசித்தவர்கள் அவர்கள். பாட்டு எழுதுவது ஒரு வேலை. பாட்டுகளை ஒன்றாக நிறுத்துவது இன்னொரு வேலை. ஆல்பம் என்பது அந்த இரண்டாவது வேலை.

கேள்வி: புரோகிரஸிவ் ராக் என்கிறார்களே, அது என்ன?
– பள்ளி மாணவர், குமராட்சி

பதில்: மூன்று நிமிடத்தில் முடிய மறுத்த ராக். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்தது. நீண்ட பாடல்கள், நடுவில் மாறும் தாளம், மேற்கத்தியச் செவ்வியல் இசையின் சாயல், ஆல்பம் முழுக்க ஓடும் ஒரே எண்ணம். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த ஜில்லாவுக்கு நீளம் ஒரு பயமா, தம்பி?

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'மணி' பாட்டுக்குத் தாளம் போட்டால் கை தடுமாறுகிறது. எட்டாவது அடி எங்கே போனது?
– இசைக் கல்லூரி மாணவி, அண்ணாமலை நகர்

பதில்: போகவில்லை, வரவே இல்லை. அது ஏழு எண்ணிக்கை. மிச்ர சாபு போட்டுப் பழகிய கைக்கு ஏழு புதிதல்ல; எண்ணிக்கை ஒன்றுதான், நடை வேறு. அதனால்தான் உங்கள் கை குழம்புகிறது.

அந்த ஏழு பிறந்த விதத்தைக் கேளுங்கள். 'மணி' இடம்பெற்ற 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை 1972-லும் 1973 தொடக்கத்திலும் லண்டன் அபி ரோடு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். கணினியில் வெட்டி ஒட்டும் காலம் அல்ல. சில்லறை கொட்டும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டி ஓசை என்று ஒவ்வொன்றையும் நாடாவில் பிடித்தார்கள். சில்லறையைக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், தன் மனைவி களிமண் பிசையும் பெரிய பாத்திரத்தில் கொட்டிப் பதிவு செய்தார். அந்த அம்மையார் மண்பாண்டக் கலைஞர். பிறகு நாடாவை அளவுகோல் வைத்து ஒரே நீளத்தில் ஏழு துண்டுகளாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுற்றவிட்டார்கள். தாளம் அங்குலக் கணக்கில் அளக்கப்பட்டது! கிடார் தனி ஆவர்த்தனம் வரும்போது நாலுக்கு மாறி, பாட்டு மீண்டும் ஏழுக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் கையை விடாமல் போட்டுப் பாருங்கள். பிறகு அந்த ஏழு உங்களை விடாது.

அதே ஆல்பத்தின் 'டைம்' பாட்டில் வரும் கடிகாரங்களும் அப்படித்தான். ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருந்தார். நாலாயிரம் தாளக் கருவிகளை ஒருசேரத் தட்டினாலும் ஒவ்வொன்றின் எடையையும் காதாலேயே சொன்னார் நாதமுனிகள் என்று ஒரு கதை உண்டு. மிக்ஸிங் அறையில் உட்காருபவருக்கு அந்தக் காது வேண்டும்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் பேண்ட் வைத்திருக்கிறோம். சென்னையில் ஸ்டூடியோ எடுத்து, அங்கேயே உட்கார்ந்து பாட்டு உருவாக்கலாமா?
– கல்லூரி மாணவர், சேத்தியாத்தோப்பு

பதில்: மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும் இடத்தில் யோசிக்க உட்காராதீர்கள். பிங்க் ஃபிளாய்ட் 'டார்க் சைட்' ஆல்பத்தை 1972 ஜனவரியிலேயே பிரைட்டன் மேடையில் வாசித்துவிட்டது. அன்று 'மணி'யின் போது கருவிகள் மக்கர் செய்ய, பாதியில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முழுக்க ஊர் ஊராக வாசித்து, திருத்தி, 1973 மார்ச்சில்தான் வெளியிட்டார்கள். நீங்களும் முதலில் ஊரில் வாசியுங்கள். எங்கே கூட்டம் கைபேசியை எடுக்கிறதோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கேள்வி: அப்படியானால் வேலையை விட்டுவிடலாமா?
– அதே மாணவரின் நண்பர்

பதில்: பெங்களூரின் அகம் குழுவைப் பாருங்கள். 2003-ல் தொடங்கியது, கர்நாடக இசையும் புரோகிரஸிவ் ராக்கும் கலந்த குழு. சன் டிவியில் ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த 'ஊ லலலா' போட்டியில் வென்றது. முதல் ஆல்பம் 2012-ல், அடுத்தது 2017-ல். நடுவில் அலுவலகமும் போனார்கள். மாதச் சம்பளம் இசைக்கு எதிரி அல்ல, அவசரம்தான் எதிரி.

கேள்வி: தமிழ்நாட்டில் இப்படி முழுதாகக் கேட்க வேண்டிய ஆல்பம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்

பதில்: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. ராக் அல்ல, ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாகுக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேசுகிறது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' முடிந்ததும் '…அண்ட் வீ ஹேட் எ டாக்' வரும். வீட்டில் பாகைச் சந்தித்தேன், பேசினோம். இரண்டு தலைப்பும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம். கைபேசியில் வரிசையைக் கலைத்துக் கேட்டால் விருந்தாளி வருமுன்னே பேச்சு முடிந்துவிடும். ஐயா, வரிசையாகவே கேளுங்கள்.

கேள்வி: ஆல்பத்தில் பெரிய பிரபலம் ஒருவர் குரல் கொடுத்தால்தானே எடுபடும்?
– வாசகி, ஸ்ரீமுஷ்ணம்

பதில்: 'டார்க் சைட்' ஆல்பத்துக்காக வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் பேசினார். அவர் பதில் சேர்க்கப்படவில்லை. வாசல் காவலர் ஜெரி ஓ'டிரிஸ்கால் மனதில் பட்டதைச் சொன்னார். ஆல்பத்தில் கடைசியாகக் கேட்கும் பேச்சு அவருடையதுதான்.

கேள்வி: பின்னணி பாடுபவர்களுக்கு என்ன கொடுப்பது?
– சேத்தியாத்தோப்பு மாணவர், மறுபடியும்

பதில்: கேட்டதற்காகவே உங்களைப் பிடித்துப்போனது. அதே ஆல்பத்தின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் சொல்லே இல்லாமல் உயிரை உருக்கியவர் கிளேர் டோரி. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004-ல் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசமாகி, குழுவின் ரிச்சர்ட் ரைட்டுடன் இணைப் படைப்பாளராக அவர் பெயரும் ஏறியது. முப்பது ஆண்டுக்கும் மேல் தாமதம். பாட வருபவரானாலும் ஒரு பாட்டுக்கு மட்டும் தவில் வாசிக்க வருபவரானாலும் தொகை, பெயர், பங்கு மூன்றையும் ஒலிப்பதிவுக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.