எக்செல் அண்ணாச்சியும் நாற்பது டாலர் பல்லியும்

டாலஸைச் சுற்றியுள்ள பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து இருந்தால், அதில் ஒரு வீட்டில் எக்செல் அண்ணாச்சி இருப்பார். திருநெல்வேலிக்காரராகத்தான் இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. ஆனாலும் நான் பார்த்ததில் அசல் சரக்கு அங்கிருந்து இறங்கியதுதான். தேங்காயோ வீடோ, எது வாங்குவதானாலும் முதலில் மடிக்கணினியைத் திறப்பார், கட்டம் போடுவார். அந்தக் கட்டத்தில் உட்காராத எதுவும் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் பத்து வயது மகள் பல்லி கேட்டாள். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட லெபர்ட் கெக்கோ. வேறொரு அப்பா என்றால் முடியாது என்று அதட்டியிருப்பார், இல்லையென்றால் சனிக்கிழமையே கடைக்குக் கூட்டிப் போயிருப்பார். அண்ணாச்சி "பாப்போம்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார்.

கடைக்காரன் சொல்லும் விலை வெறும் நாற்பது, ஐம்பது டாலர். அண்ணாச்சி அதில் மயங்கவில்லை. கண்ணாடித் தொட்டி 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம் வேண்டும். இதைவிடச் சின்னதாக வாங்கினால் காசு மிச்சம்தான். ஆனால் ஒரு கோடியில் 33 டிகிரி சூடும், மறுகோடியில் 25 டிகிரியுமாக வைக்க இடம் போதாது. பல்லிக்கு ரத்தம் தானாகச் சூடேறாது. இங்கும் அங்கும் நகர்ந்துதான் தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். சூடு கொடுக்க ஒரு விளக்கு, அது எல்லை மீறிப் பல்லியைச் சுட்டுவிடாமல் இருக்க ஒரு தெர்மோஸ்டாட், புற ஊதாக் கதிருக்குத் தனி விளக்கு, பதுங்க மூன்று பொந்து. மூன்றில் ஒன்று ஈரமாக இருக்க வேண்டும், சட்டை உரிக்க. எல்லாம் கூட்டினால் 365 டாலர். தரையில் மணல் பரப்பலாமா என்று பார்த்தார். குட்டிகள் மணலை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும், பேப்பர் டவலே நல்லது என்று தெரியவந்தது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டபோது அண்ணாச்சி முகத்தில் தெரிந்த ஒளிக்கு எந்தப் புற ஊதா விளக்கும் ஈடில்லை.

இரண்டாம் தாளில் ஆண்டுச் செலவு. உயிரோடு துள்ளும் கிரிக்கெட் பூச்சியும் மீல்வோர்ம் புழுவும் மாதம் 20 டாலருக்கு. அவற்றின் மேல் தூவ கால்சியப் பொடி. வருடத்துக்கொரு தடவை விலங்கு டாக்டர், விளக்குக் குமிழ், மின்சாரம். ஆகமொத்தம் 445. மூன்றாம் தாளில் ஆயுள். இந்தச் சாதியை நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். குறைந்த கணக்காகப் பதினைந்தே வைத்துப் பெருக்கினார். நாற்பது டாலர் பல்லி 7,080 டாலரில் வந்து நின்றது.

"சவத்த, நாய் வாங்கிருவமா?" என்று மதினி கேட்டார்கள். நாய்க்கு ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. அதைக் காட்டியதும் மதினி பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

பணத்தைவிட அண்ணாச்சியை உறுத்தியது ஆயுள்தான். மகள் எட்டு வருடத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். அதன் பிறகு பூச்சி போடுகிறவர் யார் என்ற கட்டத்தில் தன் பெயரைத் தானே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு கேள்வி: கிரீன் கார்டு. இந்தியர்களுக்கான வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்தால் பல்லி கிழடு தட்டி முடிந்தாலும் அவருடைய தேதி வராது போலிருந்தது. நடுவில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் பல்லியை யாரிடம் விடுவது? அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசி வைத்தார். இன்றைக்கும் அது சிவப்பாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஆச்சிக்குப் பேத்தி படம் காட்டினாள். "இதென்ன, கண்ணடிக்கி!" என்றார் ஆச்சி. சரிதான், நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. அதோடு விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, வெறும் நகம்தான். கண்ணாடியில்கூட ஏறாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறைக்காட்டில் தரையோடு திரியும் சாதி இது. பேத்தி எல்லாவற்றையும் விளக்கினாள். ஆச்சி கையிலிருந்த பஞ்சாங்கத்தை மூடினார்.

"சுவத்துல ஏறாது, தலையில விழாது, சொல்லும் சொல்லாது. பலனே இல்லாத பல்லிக்கு எதுக்குல நாப்பது டாலர்?"

இதற்கு எக்செலில் பதில் இல்லை.

ஆனாலும் கடைசியில் வாங்குவதென்று முடிவானது. நானும் கூடப் போன ஊர்வனச் சந்தை ஒரு கண்காட்சி மண்டபத்தில் நடந்தது. மேசை மேசையாக, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் பல்லிகள். அண்ணாச்சியின் தாத்தா மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். அந்த ரத்தம் அன்று விழித்துக்கொண்டது. முதலில் வாலைப் பார்த்தார். கொழுப்பு சேர்த்து வைக்கும் இடம் அதுதான். கழுத்துக் கனத்துக்கு வால் இருக்க வேண்டும், குச்சியாக இருந்தால் ஏதோ நோய். பிறகு கண், சீழோ ஒட்டலோ இல்லாமல். பிறகு ஒவ்வொரு விரலையும் எண்ணினார். உரித்த தோல் விரலில் ஒட்டி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். தாடையும் காலும் வளைந்திருந்தால் கால்சியம் போதவில்லை என்று அர்த்தம். கடைசியாக வாலைத் தூக்கச் சொல்லிக் கழிவு வாய் சுத்தமா என்று குனிந்து பார்த்தார். கழுத்தில் பாம்பு பச்சை குத்தியிருந்த விற்பனையாளர் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். அண்ணாச்சி பையிலிருந்து மதினியின் கேக் தராசை எடுத்து வைத்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கண்ணால் கூப்பிட்டார்.

அடுத்த மேசையில் எலுமிச்சை நிறத்தில் ஒன்று தகதகத்தது. 'லெமன் ஃப்ராஸ்ட்' ரகம். மகள் அங்கேயே நின்றுவிட்டாள். அண்ணாச்சி அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். அந்த நிறத்தைக் கொடுக்கும் மரபணுவே தோலில் கட்டியையும் கொடுக்கிறது, பத்தில் எட்டுக்கு மேல் கட்டி வருகிறது என்று கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் எழுதியிருந்ததை ஐந்தாம் தாளில் ஏற்றி வைத்திருந்தார். 'எனிக்மா' ரகமும் வேண்டாம், அது தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், நரம்புக் கோளாறு. சாதாரணப் புள்ளி போட்ட, ஆறு மாதம் ஆன, கண் முன்னாலேயே ஒரு புழுவைக் கவ்வி விழுங்கிக் காட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

விலை 50. அண்ணாச்சி "லாஸ்ட் பிரைஸ்?" என்றார். விற்பனையாளருக்கு அது விளங்கவில்லை. அண்ணாச்சி திரும்பக் கேட்டார். இரண்டாக வாங்கினால் இரண்டும் சேர்த்து 70 என்று பதில் வந்தது. தலைக்கு 35! அண்ணாச்சி ஆடிப்போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தள்ளுபடியைத் திருப்பியனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் இரண்டும் ஆணாக இருந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும், ஆணும் பெண்ணுமாக இருந்தால் முட்டை, அதனால் தொட்டி இரண்டு, விளக்கு இரண்டு. கைப்பேசியில் கோப்பைத் திறந்து ஒருமுறை கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒன்றே போதும் என்றார். நாற்பதுக்கு முடிந்தது, ஒரு கப் புழு இனாம்.

வாங்கிய வாரமே டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் புழுக்கையைச் சோதித்துப் பார்த்து, ஒட்டுண்ணி இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லி 95 டாலர் வாங்கினார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லதுக்கா தொண்ணூத்தஞ்சு?" என்று காரில் ஏறும்வரை புலம்பினார் அண்ணாச்சி. ஒட்டுண்ணி இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும் போல.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை போடுகிறார். வரைபடம் மேலே ஏறுகிறது. மகள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் அவர் வாயில் "நம்ம பய" என்றுதான் வரும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மகளின் வயலின் கோப்பையைக் காட்டுவதற்கு முன் தொட்டியருகே கூட்டிப் போகிறார். "வாலப் பாத்தேரா? அம்புட்டும் கொழுப்பு" என்பார், பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற தோரணையில்.

போன வாரம் வந்த புதுமாப்பிள்ளை ஒருவர் அப்பாவியாகக் கேட்டார்: "எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?"

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எந்த வருசம் வரைக்கும் கேக்கேரு?"