அடகுக்கு ஆகாத நகை

எங்கள் ஊரில் நகையைப் பார்த்ததும் மூன்று கேள்வி வரும். எத்தனை பவுன்? எந்தக் கடை? இப்போது எங்கே இருக்கிறது? மூன்றாவதற்கு "கழுத்தில்" என்று பதில் வந்தால் அது அதிசயம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் மேகம் கறுத்தால் ஆண்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்து வீட்டுப் பெண்களின் காதைப் பார்ப்பார்கள். விதையும் உரமும் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும். 2021-ல் கூட்டுறவுச் சங்கத்தில் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது, ஊரே பீரோவைக் கவிழ்த்து ரசீது தேடியது.

இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பாலிமர் களிமண்ணில் கம்மல் செய்கிறேன்.

பேருக்குத்தான் களிமண். உள்ளே இருப்பது பி.வி.சி. தூளும், அதை இளக்கமாக வைக்கிற ரசாயனமும், நிறமும். "ஏத்தா, நம்ம கம்மாயில இல்லாத மண்ணா கூரியர்ல வருது?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டார். தண்ணீர்க்குழாய் செய்கிற சரக்குதான் பெரியம்மா என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு பரிவு.

இது வேக 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். "அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில காய வைங்க மதினி, கரண்டு மிச்சம்" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி. எங்கள் வெயில் என்ன குதித்தாலும் 40-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். வேகவைக்கப் போதாது, உருட்டி வைத்த பூவைக் கொழகொழக்க வைக்க அதுவே அதிகம். ஆகவே சின்ன மின்சார அடுப்பு ஒன்று, சமையலுக்குத் தொடாமல், இதற்கென்றே தனியாக.

வெள்ளைக் களிமண்ணுக்கும் தறி ஓடும் எங்கள் ஊருக்கும் ஜாதகம் பொருந்தாது. பிசையப் பிசைய, காற்றில் மிதக்கிற பஞ்சும் சேலையின் நூல் பிசிறும் வந்து ஒட்டிக்கொள்ளும். சிவப்புச் சேலை கட்டிய அன்று மல்லிகை செய்ய உட்காரக் கூடாது. இதழெல்லாம் நரம்பு ஓடிவிடும்.

மல்லிகையைத் தனித்தனிப் பூவாகச் செய்வதில்லை. நடுவில் இளம்பச்சைக் குச்சி, சுற்றிலும் இதழுக்கு வெள்ளை உருளைகள், இடுக்கெல்லாம் கரும்பச்சை என்று அடுக்கி, மணிக்கட்டுத் தடிமனுக்கு ஓர் உருளை கட்ட வேண்டும். அதை எல்லாப் பக்கமும் அமுக்கி அமுக்கி நீட்டினால் பென்சில் அளவுக்கு மெலியும். உள்ளிருக்கும் பூவும் உருக்குலையாமல் கூடவே சிறுக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கிச் சவர பிளேடால் சீவினால், வில்லைக்கு வில்லை ஒரு பூ. வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணிக்காரர்கள் கைவசம் வைத்திருந்த வித்தை இது.

இத்தனையும் பார்த்துவிட்டு என் அத்தை கேட்டது ஒரே கேள்வி: "வச்சா எவ்வளவு குடுப்பான்?"

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துப் பாம்படம் காதைத் தோள்வரை இழுத்தது. அதிலும் தங்கத் தகட்டுக்குள் இருந்தது அரக்கு. அடகுக்காரர் அரக்கின் எடையைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கடன் கொடுப்பார். என் கம்மலில் கழிக்கத் தொடங்கினால் கொக்கிகூட மிஞ்சாது.

ஆனால் எங்கள் மாவட்டத்து வெம்பக்கோட்டையைப் பாருங்கள். 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையலும் கண்ணாடி மணியும் ஏராளமாகக் கிடைத்தன. தங்கம் மட்டும் துளியூண்டு. மிச்சமெல்லாம் அந்தக் காலத்திலேயே அடகுக்குப் போய் மூழ்கியிருக்கும் என்பது என் ஆய்வு முடிவு. பி.வி.சி. மக்காது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். நாளைக்கு அருப்புக்கோட்டையைத் தோண்டுகிறவர்கள், இந்த ஊர்ப் பெண்கள் மல்லிகைக் கம்மலை மட்டும் யாருக்கும் கழற்றிக் கொடுக்கவில்லை என்று எழுதிவைப்பார்கள்.