கதை எந்தப் பக்கம்?

வாய்யா எழுத்தாளரே, உக்காரு. மோட்டார அந்த நிழல்ல நிப்பாட்டு, சீட்டு கொதிக்கும். பசியாறிட்டியா? இல்லேன்னா ரெண்டு ரொட்டி சானாய் சொல்றேன், காசு நீ குடு. நீ கூலிம் ஃபேக்டரியில ராத்திரி ஷிப்டு பாக்குறவன், ஓவர்டைம் வேற. நான் பால் வெட்டி ஓஞ்சவன். எழுத்தாளனுக்கும் கிழவனுக்கும் நடுவுல யாரு காசு குடுக்குறதுன்னு இன்னிக்காவது முடிவாகட்டும்.

போன வாரம் என்னா கேட்ட? "தாத்தா, கதைய எங்க அனுப்பலாம், எந்தப் போட்டியில பரிசு அதிகம்?"னு கேட்ட. எங்க அனுப்பலாம்னு மட்டும் கேட்டிருந்தா நீ கதை எழுதுற ஆளு. எதுல பரிசு அதிகம்னு மட்டும் கேட்டிருந்தா நீ நாலு நம்பர் எழுதுற ஆளு. ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டியே, அப்பத்தான் நம்ம பீடோங் புள்ளன்னு சந்தேகமில்லாமத் தெரிஞ்சுது. இந்தக் கடாரத்துக்கு ராஜேந்திர சோழன் 1025-ல கப்பல் படையோட வழி கண்டுபிடிச்சு வந்துட்டான். உனக்குக் கையில அத்தாப்பெரிய கைப்பேசி இருந்தும் கோலாலம்பூருக்கு ஒரு கதை போற வழி தெரியல.

குடுத்துட்டுப் போன கதைய ரெண்டு வாட்டி படிச்சேன். மொத வரியிலேயே அடைமழை. அந்த மழையில ஒரு பொம்பள நின்னு பால் வெட்டிக்கிட்டு இருக்கா. ஏய்யா, மழையில எவன்யா பால் வெட்டுனான்? பட்டை நனைஞ்சுட்டா பால் கோட்டு வழியா எறங்காது, மரம் பூரா வழிஞ்சு ஓடிரும். மங்குல விழுறது பாதி தண்ணி. மழைன்னா பெரட்டுக்களத்துல கையக் கட்டிக்கிட்டு நிப்போம். வானத்தப் பாப்போம், அப்புறம் மண்டோரு மூஞ்சியப் பாப்போம். வேலை இல்லேன்னா அன்னிக்குக் கூலி இல்ல. அந்த நிக்கிற நிப்புல இருந்துச்சுய்யா கதை. நீ அந்தப் பொம்பளய நனைய வச்சுட்டு, நாலாம் பக்கத்துல மரம் வெள்ளை ரத்தம் வடிக்குதுன்னு எழுதியிருக்க. போட்டிக் கதைகள்ல மரம் அழுத அழுகைய மங்குல புடிச்சா ஒரு ஸ்டோரே நடத்தலாம். நான் முப்பத்தாறு வருஷம் வெட்டுனேன், ஒரு மரமும் எங்கிட்ட அழுததில்ல. கொசுக்கடி தாங்காம நான்தான் அழுதிருக்கேன்.

அதுவும் நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இங்க பால்மரத்த எல்லாம் சாய்ச்சு செம்பனை நட்டுட்டான். உங்க வீட்டு அலமாரியில துருப்புடிச்சுக் கெடக்குதே, அது ஒண்ணுதான் நீ பாத்த உளி. நடுவரா உக்காந்திருக்கிறவங்கள்ல தோட்டத்துப் பிள்ள ஒருத்தராவது இருப்பாரு. மழையப் பாத்த எடத்துலயே அவரு கதைய மூடி வச்சுட்டு காப்பி குடிக்கப் போயிருப்பாரு.

சிரிக்காத, நானும் அனுப்புனவன்தான். எழுபதுகள்ல முருகு சுப்பிரமணியன் ஆசிரியரா இருந்த காலத்துல தமிழ் நேசன்ல பவுன் பரிசுன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. நல்ல கதைக்குப் பவுன்! பவுன்னு கேட்டதும் லயத்துல எல்லாரும் கற்பனாவாதி ஆயிட்டோம். எங்க ஆத்தாவே ஒரு கதை சொல்றேன் எழுதுடான்னுச்சு. அந்த வேகத்துல நானும் ஒண்ணு எழுதி அனுப்புனேன். எந்தப் பேப்பருக்குன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். காகிதம் வாங்கக் காசில்ல. கிராணி தூக்கிப்போட்ட பால் கணக்குத் தாளுங்களப் பொறுக்கிட்டு வந்து, பின்பக்கத்துல எழுதினேன். ஒரு மாசம் கழிச்சுக் கதை திரும்பி வந்துச்சு. கூடவே சின்னத் துண்டுல நாலு வரி: "இதில் கதை எந்தப் பக்கம்? ஒரு பக்கம் காதல், மறுபக்கம் எழுபத்திரண்டு பேரின் பால் கணக்கு. இரண்டாவது பக்கம் நம்பும்படியாக இருக்கிறது."

கோவம்னா கோவம்! மூணு நாள் அந்தப் பேப்பரக் கையால தொடல. நாலாம் நாள் தாளத் திருப்பிப் பாத்தேன். ஒரு பேருக்கு நேரா தெனமும் முப்பது ராத்தலுக்குக் கொறையாம வந்துக்கிட்டிருந்த பால் திடீர்னு எட்டு, ஒம்பதுன்னு எறங்கியிருந்துச்சு. அப்புறம் ரெண்டு வாரம் வெறும் கோடு. அது யாரு, அந்த ரெண்டு வாரம் அவ வீட்டுல என்னா நடந்துச்சுன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். நான் என்னமோ பின்பக்கம் ஊட்டியில நடக்குற காதலை எழுதியிருந்தேன். ஊட்டி எந்தத் திசையில இருக்குன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.

உனக்கும் அதே கதிதான். ஃபேக்டரிக்குள்ள எல்லாரும் தலையிலருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும்னு நீதான சொன்ன? மூணு வருஷமாப் பக்கத்து மிஷின்ல நிக்கிற பொண்ண கேண்டீன்ல பாத்து அடையாளம் தெரியாமப் போச்சுன்னு சொல்லிச் சிரிச்சியே, அத ஏன்யா எழுதல? அது பால் கணக்குப் பக்கம். நீ ஊட்டிப் பக்கத்த எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்க.

சரி, விலாசம் கேட்டல்ல, சொல்றேன். மொதல்ல செத்தவங்களுக்கு அனுப்பாத. 1924-ல ஆரம்பிச்ச நேசன் 2019-ல நின்னு போச்சு. நீ அதுக்கும் ஒரு உறை எழுதி வச்சிருக்கியாமே, உங்க ஆத்தா சொன்னா. அந்தப் பேப்பர்ல 1950 வாக்குல சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பே நடத்துனாங்க. பாடம் பேப்பர்லயே வரும், எழுதி அனுப்பணும். எங்க சித்தப்பா ரெண்டு பாடம் வரைக்கும் தாக்குப் புடிச்சாரு. இப்ப அந்த மாதிரி காது திருகிச் சொல்லித்தர ஆளில்ல. இருக்கிற பேப்பருங்க ஞாயிறு பதிப்புல கதைக்கு எடம் விடுறாங்க. முக்குக் கடையில பேப்பர வாங்கினா கதையப் படி. நீ மொதல்ல ராசிபலன் பாக்குற, அப்புறம் மரண அறிவிப்பு பாக்குற, மிச்சத்துல நெத்திலி கட்டுற. ஒருத்தன் எழுதுன கதைய நீ படிக்க மாட்ட, உன் கதைய மட்டும் ஊரே படிக்கணும். நல்ல நியாயம்லா இது!

போட்டின்னா மூணு நாலு வாசல் இருக்கு. கே.எல்.ல மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம், 1962-லருந்து இருக்கு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986-ல ஆரம்பிச்ச சிறுகதைப் போட்டி ஒண்ணு இருக்கு. ஜெயிச்ச கதைங்களப் 'பேரவைக் கதைகள்'னு புத்தகமாவே போட்டிருக்காங்க. அந்தப் புத்தகத்துல ரெண்டு மூணு வாங்கிப் படிச்சா எதுக்குப் பரிசு விழுதுன்னும் தெரியும், எதெல்லாம் ஏற்கெனவே எழுதித் தீந்துபோச்சுன்னும் தெரியும். ரெண்டாவதுதான் உனக்கு முக்கியம். அதுல அழாத மரம் ஏதாவது இருக்கான்னு தேடிப் பாரு.

அப்புறம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளக்காரன் தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுக் கெளம்புன நேரத்துல, 1960-ல மந்திரி சம்பந்தன் ஆரம்பிச்சது. பால் வெட்டுறவன்கிட்ட பங்குப் பணம் சேத்துத் தோட்டத்தையே வாங்குனாங்க. மொதமொத வாங்குன தோட்டம் எது தெரியுமா? நம்ம கெடாவுல, புக்கிட் சீடிம். அந்தச் சங்கம் இலக்கியப் போட்டியும் நடத்தியிருக்கு. தொழிலாளி சேத்த காசுல வர்ற பரிசுய்யா அது. அதுக்கும் மழையில பால் வெட்டுற கதையவே அனுப்பிறாத, பங்குதாரனெல்லாம் எந்திரிச்சு வந்து கேப்பான்.

போட்டியே வேணாம், கதை நல்ல எடத்துல வந்தாப் போதும்னு ஒருநாள் உனக்குத் தோணும். தோணணும். லுனாஸ்காரர் ம. நவீன் 2007-ல வல்லினம் ஆரம்பிச்சாரு. ரெண்டு வருஷத்துல அது இணையத்துக்கு மாறிருச்சு. அங்க முதுகத் தட்டிக்கொடுக்க மாட்டாங்க, தோலை உரிப்பாங்க. உரிச்சுக்கிட்டு வா, நல்லது. அவரு 2019-ல 'பேய்ச்சி'ன்னு ஒரு நாவல் எழுதினாரு. அதுல லுனாஸ்ல விஷச் சாராயம் குடிச்சு ஆளுங்க செத்த சங்கதி வருது. மறுவருஷம் டிசம்பர்ல அரசாங்கம் அதத் தடை பண்ணிருச்சு. உடனே உன் கண்ணு மின்னுது பாரு, நமக்கும் ஒரு தடை கெடைக்குமான்னு. அதுக்கு மொதல்ல எவனாவது கடைசி வரைக்கும் படிக்கிற மாதிரி எழுதணும்.

சுங்கைப்பட்டாணிக்கு மோட்டார்ல எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு? அங்க கே. பாலமுருகன் 'அநங்கம்'னு சிற்றிதழ் நடத்துனாரு. கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' எழுதுனாரு, பகாங்ல ஒரு திட்டத்துல போய் அகப்பட்டுக்கிட்ட நம்ம சனங்க கதை. அதே ஊரு சீ. முத்துசாமிக்கு 2017-ல கோயம்புத்தூர்ல கூப்பிட்டு விஷ்ணுபுரம் விருது குடுத்தாங்க. அதுக்கு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு கேக்க வாயத் தொறக்குறியே, மூடு. அதுக்கு விண்ணப்பமே கெடையாது. அவங்களாப் படிச்சு, அவங்களாக் கூப்பிடுறது. கெடாத் தோட்டத்து மண்ண எழுதுன மனுசனத் தேடிக்கிட்டு அங்கருந்து ஆளு வந்துச்சு. நீ இங்கருந்து அங்க விலாசம் தேடுற.

வெளிநாட்டுப் போட்டிங்கன்னா விதிய மொதல்ல படி. சிங்கப்பூர்ல தங்கமுனை விருது அந்த ஊர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும்தான். சாகித்ய அகாதமி இந்தியக் குடிமகனுக்கு மட்டும். உன் ஐசியக் காட்டினா வாசல்லயே நிப்பாட்டிருவான். இன்னொரு வகை இருக்கு, அதுக்கு விதியே இல்ல. ஐநூறு வெள்ளி கட்டு, மேடையேறு, சால்வை, கேடயம், பேருக்கு முன்னால ஒரு பட்டம். யாரு நடத்துறாங்கன்னு சொல்ல மாட்டேன், எனக்கு மூணு தடவை கடுதாசி வந்துச்சு. கதை எழுதுறவன் காசு வாங்கலேன்னாலும் பரவால்ல, காசு கட்டிப் பேர் வாங்காத. அந்தக் காச எங்கிட்ட குடு, நானே உனக்கு ஒரு பட்டம் தர்றேன்: மழையில் பால் வெட்டி.

மிச்சமெல்லாம் கைவேலைதான். ஒரே கதைய அஞ்சு எடத்துக்குத் தூவாத. ரெண்டு எடத்துல வந்துட்டா ரெண்டு பேருக்கும் எதிரி ஆயிருவ. போட்டிக்குப் போற பிரதியில பேர் போடாதேன்னா போடாத. கடைசிப் பக்கத்துல 'கடாரக் கவிஞன்'னு கையெழுத்துப் போட்டு வச்சிருக்கியே, அத எடு. எழுத்து யூனிகோட்ல இருக்கட்டும். போன தடவை எவனோ பழைய எழுத்துருவுல அடிச்சு அனுப்பி, அங்க தொறந்தா வெறும் கட்டம் கட்டமா இருந்துச்சாம். நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உக்காந்து முரசு அஞ்சல் செஞ்சு குடுத்து எத்தன வருஷமாச்சு! ஆயிரத்து ஐநூறு சொல்லுக்குள்ளன்னா அதுக்குள்ள நிறுத்து. உன் கதையில அந்தப் பொம்பளய வீட்டுக்குள்ள கொண்டுபோய்ட்டாலே மழை மிச்சமாகும், முந்நூறு சொல்லும் மிச்சமாகும்.

தபால்ல அனுப்பச் சொன்னா இன்னொண்ணு கவனி. கே.எல்.காரனுக்கு வெள்ளிக்கிழமை வேலை நாளு. அவன் பாட்டுக்கு 'கடைசி நாள் வெள்ளி'ன்னு போட்டுருவான். நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தபாலாபீசு கதவு சாத்தியிருக்கும். கெடாக்காரனுக்குக் கடைசி நாள் எப்பவும் வியாழக்கிழமைதான், அதுவும் சாயங்காலத்துக்குள்ள.