முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியின் தவளக்குப்பத்திலிருந்து கடலூர் ரோட்டில் தெற்கே போனால் கிருமாம்பாக்கம், அடுத்து முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. இன்று அந்த எல்லையில் பெட்ரோல் விலை மாறுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பெண்ணுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதே அங்கேதான் மாறியது.

அந்தப் பக்கம் இருந்தது பிரிட்டிஷ் ராஜா ஆட்சி. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் இந்திய மந்திரி மாண்டேகுவைப் பார்த்து ஓட்டுரிமை கேட்டார்கள். அந்த ஆண்டுதான் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்திருந்தது. 1921இல் சென்னை சட்டசபை இணங்கியது. சொத்தோ வரியோ இருந்தால்தான் ஓட்டு. நடவு நட்ட பெண்ணுக்கு அது எட்டவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் முத்துலட்சுமி ரெட்டி அதே சபையில் துணைத் தலைவராக உட்கார்ந்தார்.

எங்கள் பக்கம் இருந்தது பிரெஞ்சுக் குடியரசு. சமத்துவம் பேசிய அந்த ஆட்சியில் ஆண்கள் 1870களிலேயே ஓட்டுப் போட்டார்கள். பெண்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. சென்னை இணங்கிய மறுவருஷம், 1922இல், பாரிசின் செனட் பெண்கள் ஓட்டுரிமை மசோதாவைத் தோற்கடித்தது. 1944 ஏப்ரல் 21இல் அல்ஜியர்சில் தெ கோல் தலைமையிலான குழு ஆணை பிறப்பித்த பிறகே பிரெஞ்சுப் பெண்களுக்கு வழி பிறந்தது. எங்கள் பெண்களுக்கும் அதன் பிறகுதான்.

என் ஆயா அப்படி ஓட்டுப் போட்டவர். வேட்பாளர் பெயர் அச்சடித்த சீட்டைக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். ஆயாவுக்கு எழுத்து தெரியாது.

"யாருக்கு ஆயா போட்டே?"

"மாமா குடுத்த சீட்டு. என்னான்னு கண்டேன்?"

ஆனால் ஓட்டு அட்டையை மட்டும், மனைப் பத்திரம் வைத்திருந்த தகரப் பெட்டியிலேயே கடைசிவரை வைத்திருந்தார். தன் பேர் போட்டு வந்த ஒரே காகிதம் அதுதான் என்பார். அவர்மேல் எனக்கு உள்ள மரியாதை அந்தப் பெட்டியோடு சேர்ந்தது.

இன்று புதுச்சேரியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். 2021இல் முப்பது தொகுதிகளில் ஜெயித்த பெண்ணோ ஒரே ஒருவர், நெடுங்காட்டில் சந்திர பிரியங்கா. மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023இல் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு.

எனக்கு ஆறாதது உள்ளாட்சித் தேர்தல்தான். 1968க்குப் பிறகு 2006இல் ஒரு முறை நடத்தினார்கள். 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் வழக்கில் நின்றுபோனது. கடலூர்ப் பக்கத்து ஊராட்சிகளில் 2019 தேர்தலிலேயே பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் ஊரில் முப்பது வயதுப் பெண்கூடத் தன் பஞ்சாயத்துக்கு ஒரு ஓட்டுப் போட்டதில்லை. வாய்க்கால் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அரியாங்குப்பம் கொம்யூன் ஆபீசில் மனு கொடுக்கிறோம். வாங்கிக்கொள்பவர் அரசு ஊழியர். நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அங்கே யாரும் இல்லை. தேர்தல் தேதி கேட்டும் ஒரு மனு எழுத வேண்டும். அதில் முதல் கையெழுத்துகள் பெண்களுடையதாக இருக்கட்டும்.