படைக்கலச் சங்கவியல்

நூற்பா:
தானே அரசாய்த் தழைத்தது ஒன்றே;
தலைநகர் வாழ்வது, பட்டறை காப்பது,
பெருநிழல் படர்வது எனஇவை மூன்றும்
அதனொடு சேர நான்கே சங்கம்.

உரை: அரசுக்கும் ஆயுதத் தொழிலுக்கும் நடுவே நின்று பேசும் வணிகச் சங்கங்கள் நான்கு வகைப்படும் என்றவாறு.

தானே அரசாவது, இன்று அற்றுப்போன இனம். லண்டன் வணிகர்கள் கூடி 1600-இல் பட்டயம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி இதற்குச் சான்று. மரக்காணத்துக்குத் தெற்கே கூனிமேட்டில் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கு ஒரு பண்டகசாலை இருந்தது. கணக்குப் புத்தகமும் பீரங்கியும் ஒரே முதலாளியிடம் இருந்தமையால், நடுவே பேச ஆள் வேண்டியிருக்கவில்லை என்க.

தலைநகர் வாழ்வது, 2017-இல் இந்தியத் தொழிற் கூட்டமைப்பான சிஐஐ-யின் நிழலில் பிறந்த இந்தியப் பாதுகாப்பு உற்பத்தியாளர் சங்கம் போல்வது. கொள்முதல் விதிகளின் வரைவு இதன் உணவு. மாநாட்டு அரங்கம் உறைவிடம். கழுத்தில் தொங்கும் அட்டை அடையாளம்.

பட்டறை காப்பது, 1969-இல் தோன்றிய கோவைச் சிறுதொழிற் சங்கமான கொடிசியா. பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடைந்த கைகள் இதன் உறுப்பினர். முன் சொன்ன கூனிமேடு வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடக்கே திருவிடந்தையில், 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. அங்கே பாதுகாப்புத் துறைப் புத்தாக்கத்துக்கு உதவும் ஐடெக்ஸ் திட்டம் அறிமுகமானபின், கொடிசியா பாதுகாப்புத் துறைக்கென்றே ஒரு புத்தாக்க மையம் திறந்தது.

பெருநிழல் படர்வது, கொதிகலன் செய்யும் பெல் ஆலையின் வேலையை நம்பி வளர்ந்த திருச்சிச் சிறுதொழிற்சாலைகளின் சங்கமான பெல்சியா. கொதிகலன் ஆர்டர் குறைந்தால் இதன் லேத்துகள் ஓய்ந்துவிடும். ஆகவே 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது, சென்னை, ஓசூர், சேலம், கோவையோடு தன் ஊரும் அதில் இருந்தது இதற்கு ஆறுதல்.

புறநடை: ஓய்வுபெற்ற அதிகாரியை ஆலோசகராக அமர்த்துதல், இன்றுள்ள மூவகைக்கும் பொது.

இனி, நல்ல சங்கத்தை அறிவது எவ்வாறு எனின், அமைச்சரோடு எடுத்த போட்டோவால் அன்று. டெண்டரில் எல்-ஒன், அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆவதற்காக விலையை இறக்கி, லாபத்தைக் குறைத்துக்கொண்டு வேலை எடுக்கிறார் லேத்துக்காரர். அளவு நூலிழை தவறினாலும் இன்ஸ்பெக்‌ஷனில் சரக்கு திரும்பிவிடும்; பில்லோ போன இடத்திலேயே தங்கிவிடும். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம், அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. அந்த 45-ஆம் நாளில் உறுப்பினருக்காக மேசையைத் தட்டுவதே சங்கம். மற்றவை விருந்து எனக் கொள்க.