பழைய ஆபீஸும் புதிய கணினியும்

கேள்வி: பழைய கணினியில் பல்லாண்டு உழைத்த மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007-இன் ஃபோல்டரை அப்படியே புதிய கணினியில் நகலெடுத்து வைத்தேன், திறக்க மறுக்கிறதே! என்ன அபசாரம் செய்தேன்?

பதில்: அபசாரம் ஒன்றுமில்லை, விக்கிரகத்தைத் தூக்கி வந்தீர்கள், பிரதிஷ்டை செய்ய மறந்தீர்கள், அவ்வளவே. மென்பொருளானது தன் ஃபோல்டரில் மட்டும் வாசம் செய்யாமல், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலும் தன் விவரங்களைப் பல இடங்களில் எழுதி வைக்கிறதாதலால், ஃபோல்டரை மாத்திரம் பெயர்த்து வருவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே, மூலத் தட்டைப் பரண்மேல் தேடியெடுத்து, புதிய கணினிகள் பலவற்றில் தட்டு போட வாயில் இல்லாமையால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, உறையில் ஒட்டியிருக்கும் 25 எழுத்துச் சாவியை, 'பி' எது, 8 எது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துத் தட்டச்சு செய்வதே சாஸ்திரோக்தமான மார்க்கம். ஆனால் கடையில் தனியே வாங்கிய பிரதிக்கே, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு, இப்படி இடம் மாறும் உரிமை உண்டு; கணினியோடு சேர்ந்து வந்த பிரதியின் உரிமை அந்தக் கணினியோடேயே அஸ்தமித்துவிடும்.

இத்தனை பிரயாசைப்பட்டாலும், 2017 அக்டோபர் 10-ஆம் தேதியோடு ஆபீஸ் 2007-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். லிப்ரே ஆபீஸ் என்னும் மாற்று மென்பொருளோ இனாமாகவே கிடைக்கிறது. உங்கள் பழைய கோப்புகளையும் திறக்கும். காதல் கடிதமாயினும் கடன் விண்ணப்பமாயினும், எழுத அதுவே தாராளமாய்ப் போதும்.